மலையடிவாரத்தில் இரு அரசமைப்புகள்

ஆனி, ஆடித் திங்கள்களில் குற்றாலத்தில் சாரல் வீசத் தொடங்கியதும் தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குச் செல்லும் சாலையில் மக்கள் நெரிசல் மிகுந்துவிடுகிறது. அருவியில் நீராடியோர் பலர் அப்படியே ஆரியங்காவுக் கணவாயையும் கண்டு திரும்ப எண்ணி மேற்கே செல்கின்றனர். தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையே ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் தொலைவுதான். பேசுவது ஒரே தமிழ். நடுவது ஒரே நெல். கொள்வினை கொடுப்பினையும் உண்டு. ஆயினும் 1956-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதி வரை இந்தச் சிறு தொலைவுக்குள் ஓர் அரசு முடிந்து மற்றோர் அரசு தொடங்கிற்று என்பதை இன்று அச்சாலையில் செல்வோருள் எத்தனை பேர் அறிவர்?

தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்துத் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவை. செங்கோட்டையோ திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்ட ஒரு தாலுகா. சங்கு முத்திரை தாங்கிய வளைவு ஒன்று அவ்வூரின் நுழைவாயிலில் எழுப்பப்பட்டிருந்தது. இப்புறத்தில் கடிதம் போட்டால் அது தபால். அப்புறத்தில் போட்டால் அஞ்சல். (இன்று தமிழ்நாடெங்கும் நாம் வழங்கும் 'அஞ்சல்' என்னும் சொல்லுக்குத் திருவிதாங்கூர்த் தொடர்பும் உண்டு என்பது சுவையான செய்தி.) காசும் அங்கே சக்கரம். 1911 ஜூன் 17-இல் மணியாச்சி இரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். திருவிதாங்கூர் அரசின் வனத்துறையில் பணியாற்றியவர். அவர் சுட்டது தம் அரசின் அதிகாரியை அன்று, பக்கத்து ஆட்சியின் அதிகாரியை என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நாம் இங்கு ஆராயப் புகுவது வேறொரு செய்தி. விடுதலைக்கு முந்தைய ஆண்டில் இந்த மலையடிவாரத்தின் மேற்குப் பக்கத்து மக்களுக்குப் புதியதோர் அரசமைப்பு முன்வைக்கப்பட்டது. அது ஏன் எழுந்தது, ஏன் வீழ்ந்தது என்பதை அறிந்துகொள்வது, அரசமைப்பை மாற்ற வேண்டும் என்னும் குரல் அவ்வப்போது எழும் நம் நாட்டில் வீண் முயற்சியாகாது.

1946-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் திருவிதாங்கூர்த் திவான் சர் சி. பி. இராமசாமி ஐயர் தம் திட்டத்தை வெளியிட்டார். வயது வந்த ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை. அவர்கள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினரைக் கொண்ட சட்டமன்றம். அதற்கு மேல் இரண்டாவது அவை ஒன்று. இதுவரை கேட்பதற்கு இனிதாகவே உள்ளது. ஆனால் நிருவாகத்தை நடத்துபவர் திவான். அவரை அமர்த்துபவர் மன்னர், நீக்குபவரும் மன்னரே. சட்டமன்றம் விவாதிக்கலாம், சட்டம் இயற்றலாம், குழுக்கள் அமைத்துத் துறைகளுக்கு ஆலோசனை கூறலாம். திவானைப் பதவியிலிருந்து இறக்க மட்டும் அதற்கு உரிமை இல்லை. நிருவாகமும் சட்டமன்றமும் தனித்தனியே நிற்கும் இம்முறைக்கு 'அமெரிக்க மாதிரி' என்று பெயர் வந்தது.

சி. பி. யைக் கொடுங்கோலர் என்று மட்டும் எழுதி முடித்துவிடுவது எளிது. அது முழு உண்மையாகாது. தமிழ்நாட்டில் பிறந்து சென்னையில் புகழ்பெற்ற வழக்கறிஞராக விளங்கிய அவர், அன்னி பெசன்டுடன் தன்னாட்சி இயக்கத்தில் உழைத்தவர். அவர் திவானாயிருந்த காலத்திலேதான், 1936 நவம்பர் 12-இல், சித்திரைத் திருநாள் மகாராசா ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்து, தாழ்த்தப்பட்டோருக்குக் கோயில் கதவுகளைத் திறந்தார். 1937-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் எழுந்தது. பள்ளிவாசலில் நீர்மின்சாரம் பிறந்தது. 1944-இல் மரண தண்டனை ஒழிக்கப்பட்டது. இத்தகைய ஒருவர் பாராளுமன்ற முறையை ஏன் வேண்டாம் என்றார்? திருவிதாங்கூரில் நாயர், ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம், தமிழர் எனப் பல சமூகங்கள் உண்டு. எதுவும் தனித்துப் பெரும்பான்மை பெறாது. ஆகவே கட்சி அமைச்சரவைகள் சமூகக் கூட்டணிகளாய் அமைந்து சில திங்களுக்கு ஒருமுறை கவிழும் என்பது அவர் கருத்து. நிலையான நிருவாகம் வேண்டுமாயின் அது சட்டமன்றத்தின் வாக்குக்கு அப்பால் இருக்க வேண்டும் என்றார். இக்கருத்தைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம். ஏனெனில் அதில் பாதி பலித்துவிட்டது.

இப்போது மலையின் கிழக்குப் பக்கத்தைக் காண்போம். அதே 1946-இல் சென்னை மாகாணத்திலும் தேர்தல் நடந்தது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி சொத்து, வரி, கல்வி முதலிய தகுதியுடையோரே வாக்காளர். தென்காசி வயலில் நாற்று நட்ட கூலிப் பெண்ணுக்கு அதில் இடமில்லை. ஆனால் அக்குறுகிய வாக்குரிமையால் அமைந்த சட்டமன்றத்துக்கு ஓர் ஆற்றல் இருந்தது. 1946 ஏப்ரலில் முதலமைச்சரான டி. பிரகாசம், தம் கட்சி உறுப்பினரின் நம்பிக்கையை இழந்து 1947 மார்ச்சில் பதவி விலகினார். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் வந்தார். 1949-இல் அவரும் விலகி, தென்காசிக்கு வடக்கே உள்ள இராசபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா அப்பொறுப்பை ஏற்றார். துப்பாக்கி வெடிக்கவில்லை, எவரும் ஊரை விட்டு ஓடவில்லை. கை தூக்கி எண்ணினார்கள்; ஒருவர் எழுந்தார், மற்றவர் அமர்ந்தார்.

ஆகவே ஒரே சாரல் நனைத்த இரு ஊர்களில் நிலைமை இவ்வாறிருந்தது: தென்காசியில் சிலருக்கே வாக்கு, ஆனால் அவ்வாக்கால் ஆள்பவரை மாற்றலாம், செங்கோட்டையில் எல்லாருக்கும் வாக்கு தருவதாக உறுதி, ஆனால் அவ்வாக்கு ஆள்பவரைத் தொடாது. இவற்றுள் எது மேலானது? எளிதில் விடை கூற இயலாத கேள்வி இது. கூலிப் பெண்ணின் கையில் வாக்குச் சீட்டு வருவது சிறிய செயலன்று. எனினும் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரசும் பொதுவுடைமைக் கட்சியினரும் இத்திட்டத்தை ஏற்க மறுத்தனர். அமெரிக்க மாதிரியை அரபிக் கடலில் எறியுங்கள் என்னும் பொருள்பட எழுந்த முழக்கம் ஊரெங்கும் பரவிற்று.

அமெரிக்கா என்னும் பெயரும் பொருந்தவில்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவரைப் பேரவை நினைத்தபோது இறக்க முடியாது என்பது மெய்யே. ஆயினும் அவரை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். பணப்பையின் கயிறு பேரவையின் கையில் உள்ளது. பெருங்குற்றம் செய்தால் விசாரித்து நீக்கவும் வழி உண்டு. திவானோ மக்களிடம் ஒருமுறையேனும் வாக்குக் கேட்டு வருபவர் அல்லர்.

இத்திட்டத்துக்கு உண்மையான உறவு வேறெங்கோ இருக்கிறது. 1871-இல் பிஸ்மார்க் உருவாக்கிய ஜெர்மானியப் பேரரசில் வயது வந்த ஆடவர் அனைவருக்கும் வாக்குரிமை இருந்தது. இங்கிலாந்தில்கூட அன்று இல்லாத பரந்த வாக்குரிமை. ஆனால் தலைமை அமைச்சரை அமர்த்துவதும் நீக்குவதும் பேரரசரின் விருப்பம். இதன் விளைவை முதலில் உணர்ந்தவர்களுள் கத்தோலிக்கர் இருந்தனர். 1872-இல் இயேசு சபையினர் நாட்டினின்றும் வெளியேற்றப்பட்டனர். 1873-இல் திருச்சபையின் குருத்துவக் கல்வியையும் பணி நியமனங்களையும் அரசின் பிடிக்குள் கொண்டுவரும் சட்டங்கள் வந்தன. 1874-இல் பேராயர் லெடோகோவ்ஸ்கி சிறையிலிடப்பட்டார். கத்தோலிக்கரின் மையக் கட்சி தேர்தல்தோறும் வலுப்பெற்று, பாராளுமன்றத்தில் பெருங்கட்சிகளுள் ஒன்றாயிற்று. வாக்குகள் குவிந்தன, உறுப்பினர்கள் பெருகினர், பேச்சுக்கள் முழங்கின. பிஸ்மார்க் அசையவில்லை. காலப்போக்கில் அவர் தாமாகவே அப்போக்கைத் தளர்த்திக்கொண்டார். பதவியைவிட்டு அவர் இறங்கியதோ 1890-இல், புதிய பேரரசர் இறக்கியபோது. வாக்குரிமை என்பதும் ஆட்சிப் பொறுப்பு என்பதும் இருவேறு பொருள்கள் என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

திருவிதாங்கூரிலும் இதன் சாயல் தெரிந்தது. 1932-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் ஈரவைச் சட்டமன்றத்தைத் தந்தபோது, தங்கள் எண்ணிக்கைக்கேற்ற இடம் கிடைக்காது எனக் கண்ட கிறிஸ்தவரும் ஈழவரும் முஸ்லிம்களும் ஒன்றுகூடி அதைப் புறக்கணித்தனர். அதுவே நிவர்த்தன இயக்கம். 1945-இல் தொடக்கக் கல்வியை அரசு தன் கைக்குள் கொண்டுவர முற்பட்டபோது, சங்கனாச்சேரி ஆயர் மார் ஜேம்ஸ் களாச்சேரி சுற்றுமடல் எழுதி எதிர்த்தார். அதைத் திரும்பப் பெறுமாறு அரசு வற்புறுத்தியும் அவர் இணங்கவில்லை. அரசின் கல்வி நோக்கில் நன்மையும் இருந்தது, ஏழைப் பிள்ளைக்குப் பள்ளி வேண்டும் என்னும் எண்ணம் அது, என்று சொல்வோரும் உண்டு, அது நியாயமே. ஆனால் அக்கருத்தையும் மறுகருத்தையும் எடைபோட்டு, தவறு செய்யும் நிருவாகத்தை மாற்றும் இடம் எது? ஆயர் மடல் எழுதலாம். திவான் அதைத் தடுக்க முயலலாம். நடுவே நின்று தீர்ப்புக் கூறும் மன்றம் இல்லை. அடுத்த ஆண்டில் வந்த புதிய திட்டமும் அந்த மன்றத்தைத் தரவில்லை.

எதிர்ப்பு 1946 அக்டோபர் இறுதியில் குருதியில் முடிந்தது. ஆலப்புழைப் பக்கத்துப் புன்னப்பிராவிலும் வயலாரிலும் கயிற்றுத் தொழிலாளரும் மீனவரும் வேளாண் கூலிகளும் இராணுவத்தின் துப்பாக்கிகளுக்கு இரையாயினர். மாண்டோர் எத்தனை பேர் என்பதில் அரசு சொன்ன கணக்கும் மக்கள் சொன்ன கணக்கும் ஒத்துப்போகவில்லை. அதன் பின்னும் சி. பி. தளரவில்லை. 1947 ஜூன் 11-இல், ஆங்கிலேயர் வெளியேறியதும் திருவிதாங்கூர் தனிநாடாகும் என்று அறிவித்தார். ஜூலை 25-இல் திருவனந்தபுரத்தில் இசை விழா ஒன்றிலிருந்து அவர் வெளியேறும் வேளையில் ஒருவர் அவரை வெட்டினார். காயத்துடன் உயிர் தப்பினார். சில நாள்களிலேயே மன்னர் இந்திய ஒன்றியத்தில் இணைய இசைந்தார், ஆகஸ்டில் சி. பி. பதவி விலகி ஊரை விட்டுச் சென்றார். கை தூக்கி எண்ணுவதற்கு வழியில்லாத இடத்தில் கத்தி பேசிற்று. அதை நாம் ஒருபோதும் போற்ற மாட்டோம். ஆயினும், அமைதியான வழியில் ஆள்பவரை மாற்ற இயலாத முறையே வன்முறைக்கு வாசல் திறந்து வைக்கிறது என்பதைக் காணாதிருக்கவும் இயலாது. 1991-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 'நூறாவது ஆண்டு' என்னும் சுற்றுமடலில் மக்களாட்சியைத் திருச்சபை ஏன் மதிக்கிறது என்று விளக்கும்போது, ஆள்வோரைத் தேர்ந்தெடுப்பதோடு நிறுத்தாமல், அவர்களிடம் கணக்குக் கேட்பதையும் தேவையானபோது அமைதியாக மாற்றுவதையும் சேர்த்தே சொல்கிறார். அந்த இரண்டாம் பகுதியே 1946-ஆம் ஆண்டுத் திட்டத்தில் இல்லாதது.

1948 தொடக்கத்தில் திருவிதாங்கூரில் வயது வந்தோர் வாக்குரிமையின்படி தேர்தல் நடந்தது. இந்தியா முழுதும் அதைக் காண 1951-52 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சி. பி. யின் திட்டத்தில் இருந்த நல்ல பாதி இவ்வாறு அவர் சென்ற பின் நிறைவேறிற்று. மற்றப் பாதிக்கு மாறாக, சட்டமன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சரவை வந்தது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் அத்தேர்தலில் 14 இடங்களில் வென்றது. தெற்கே நாகர்கோவில் பக்கத்தில் ஏ. நேசமணி அவ்வியக்கத்தை வழிநடத்த, செங்கோட்டையில் சட்டநாதக் கரையாளர் அதன் குரலாய் விளங்கினார். தமிழ்த் தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை.

இனிச் சி. பி. யின் அச்சத்துக்கு வருவோம். அமைச்சரவைகள் நிலைக்கா என்றாரே, அது அப்படியே நடந்தது. 1948 மார்ச்சில் வந்த பட்டம் தாணுப்பிள்ளை அதே ஆண்டு அக்டோபரில் சென்றார். பின்னர் டி. கே. நாராயண பிள்ளை, சி. கேசவன், ஏ. ஜே. ஜான், மீண்டும் பட்டம், பனம்பிள்ளி கோவிந்த மேனன் என முதல்வர்கள் மாறிக்கொண்டே இருந்தனர். 1956 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஆட்சியே வந்துவிட்டது. எட்டு ஆண்டுகளில் ஆறு அமைச்சரவைகள்! இதைக் காட்டி, திவான் சொன்னதே சரி என்று ஒருவர் வாதிட்டால் உடனே மறுக்க முடியாது. நிலையற்ற ஆட்சியில் சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் தடுமாறும். அத்துன்பம் ஏழையையே முதலில் சேரும்.

ஆனால் அவ்வமைச்சரவைகள் ஏன் கவிழ்ந்தன என்று ஒருமுறை பார்ப்போம். 1952-இல் ஏ. ஜே. ஜான் அமைத்த அரசு, தமிழ்நாடு காங்கிரசின் எட்டு உறுப்பினர் ஆதரவில் நின்றது. தமிழ்ப் பகுதிகளின் கோரிக்கை பயன் பெறவில்லை எனக் கண்டு அவர்கள் அவ்வாதரவை விலக்கிக்கொண்டனர். 1953-இல் அரசு வீழ்ந்தது. 1954 ஆகஸ்ட் 11-இல் பட்டம் ஆட்சியின் காவலர் மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களில் தமிழர் மீது சுட்டனர். 1955 பிப்ரவரியில் அவ்வரசு சட்டமன்றத்தில் தோற்றது. ஒரு பெரிய மாநிலத்தின் ஓரத்தில், வேற்று மொழியினரின் நடுவே, சில தாலுகாக்களில் மட்டும் வாழ்ந்த ஒரு சிறு மக்கள் தொகுதியின் சொல்லைத் தலைநகரம் காது கொடுத்துக் கேட்டது எதனால்? அவர்தம் எட்டு வாக்குகளால் அரசைக் கவிழ்க்க முடிந்ததால்தான். சி. பி. யின் திட்டம் நிலைபெற்றிருந்தால் இந்த எண்மர் சட்டமன்றத்தில் அருமையாகப் பேசியிருப்பர். குழுக்களில் அமர்ந்து தேநீர் அருந்தியிருப்பர். திவான் புன்னகையுடன் கேட்டுக்கொண்டு தம் வழியே சென்றிருப்பார். நிலையின்மை என்று நாம் குறை கூறுவதில் ஒரு பங்கு, எண்ணிக்கையில் சிறுத்தவர்களின் குரலே. சிறுபான்மையராகிய நாம் இதை மறப்பதற்கில்லை.

ஏறத்தாழ இதே கேள்விதான் தில்லியில் அரசமைப்பு அவையின் முன்னும் இருந்தது. 1948 நவம்பர் 4-இல் வரைவைச் சமர்ப்பித்துப் பேசிய அம்பேத்கர், மக்களாட்சியில் நிருவாகத்துக்கு நிலைத்தன்மையும் பொறுப்புடைமையும் வேண்டும்; இரண்டையும் சம அளவில் தரும் முறையை எவரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை; வரைவு பொறுப்புடைமைக்கே கூடுதல் இடம் தருகிறது என்று விளக்கினார். அமெரிக்க முறையில் ஆள்வோரை மதிப்பிடுவது குறித்த காலத்துக்கு ஒருமுறை; பாராளுமன்ற முறையிலோ நாள்தோறும். பேராசிரியர் கே. டி. ஷா அதிகாரங்களை முற்றிலும் பிரிக்கும் திருத்தம் கொண்டுவந்தபோது அவை அதை ஏற்கவில்லை. அமைச்சர் குழு மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என 75-ஆம் உறுப்பும், மாநிலங்களுக்கு அதையே 164-ஆம் உறுப்பும் கூறுகின்றன. ஒரே வரி, ஆனால் திருவிதாங்கூர் அதற்காக எவ்வளவு விலை கொடுத்தது!

இவ்வரி எல்லா நேரமும் காக்கப்பட்டது என்றும் சொல்வதற்கில்லை. 1959 ஜூலை 31-இல் கேரளத்தின் ஈ. எம். எஸ். அமைச்சரவையை நீக்கியது சட்டமன்றம் அன்று, தில்லி. அதற்காக வீதியில் இறங்கிப் போராடியவர்களுள் கத்தோலிக்கர் மிகப் பலர் என்பதை நாம் மறைக்கலாகாது. ஆள்பவரை மாற்றும் உரிமை நமக்குப் பிடித்தவேளை ஒன்றாகவும் பிடிக்காதவேளை வேறாகவும் இருக்க முடியுமா?

அரசமைப்பைப் புதுக்க வேண்டும் என்னும் எண்ணம் இன்றும் ஓயவில்லை. 2000-ஆம் ஆண்டில் நீதியரசர் வெங்கடாசலய்யா தலைமையில் அமைந்த ஆணையம் அரசமைப்பின் செயற்பாட்டை ஆராய்ந்து 2002-இல் அறிக்கை தந்தது. பாராளுமன்ற முறை என்னும் சட்டகத்துக்குள்ளேயே அது ஆராய்ந்தது. 2024 டிசம்பரில் மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் ஒரே வேளையில் தேர்தல் நடத்துவதற்கான திருத்த மசோதா முன்வைக்கப்பட்டது. செலவு குறையும், ஆட்சி தடைப்படாது என்பது அதை ஆதரிப்போர் வாதம். நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை அது நீக்கவில்லை. ஆயினும் இடையில் கவிழ்ந்த அவைக்குப் புதிதாய்த் தேர்ந்தெடுக்கப்படுவோர் எஞ்சிய காலத்துக்கே பதவி வகிப்பர். இத்தகைய திட்டங்களைக் கண்டவுடன் கைதட்டவோ கல்லெறியவோ தேவையில்லை. யாருக்கு வாக்கு என்று கேட்டபின், அவ்வாக்கு யாரை இறக்கும் என்றும் கேட்டால் போதும். செங்கோட்டையில் 1946-இல் கேட்கப்பட்ட கேள்வி அதுவே.

மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பர் 30-இல் தன் அறிக்கையை அளித்தது. அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்து தாலுகாக்களையும் சென்னை மாநிலத்தில் சேர்க்க அது பரிந்துரைத்தது. தேவிகுளமும் பீர்மேடும் மலையாளப் பகுதியிலேயே நின்றன. 1956 நவம்பர் 1-இல் தெற்கிலுள்ள நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டை மட்டும் இரண்டாய்ப் பிரிந்தது. கிழக்குப் பகுதி திருநெல்வேலியோடு சேர, ஆரியங்காவை உள்ளிட்ட மேற்கு மலைப்பகுதி கேரளத்துடன் நின்றது. திருவிதாங்கூர்–கொச்சிச் சட்டமன்றத்தில் அமர்ந்திருந்த கரையாளர், 1957-இல் தென்காசித் தொகுதியில் சுயேச்சையாக நின்று வென்று சென்னைச் சட்டமன்றத்துக்குச் சென்றார். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது செங்கோட்டை அதன் தாலுகாக்களுள் ஒன்றாயிற்று.